பொருநையோடு மூன்று நாள்: நடந்தும், கடைசியில் வள்ளத்திலும்

வெளியூரிலிருந்து வருகிற நண்பர்கள் பொருநை என்று பழைய பேருள்ள தாமிரபரணியைப் பற்றி என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "பாபநாசத்தில் படகு ஏறினால் அப்படியே கடல் வரைக்கும் போயிடலாமா?"

போக முடியாது. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் இந்த ஆற்றின் நீளம் சுமார் 125 கிலோமீட்டர். அதற்குள் எட்டு அணைக்கட்டுகள் குறுக்கே கிடக்கின்றன. மேலிருந்து வரிசையாகச் சொன்னால் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். இடையிடையே பாறை, மணல் திட்டு, முழங்கால் ஆழத் தண்ணீர். வயலுக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக இடத்துக்கு இடம் நிறுத்தித் திருப்பிவிடப்பட்ட ஆறு இது. படகு விடுவதற்கு யாரும் இதை ஒழுங்கு பண்ணவில்லை.

அதனால் ஆற்றோடு போக ஆசைப்படுகிறவர் நடக்கத்தான் வேண்டும். ஆற்றங்கரையில் பாதை இருக்கிற இடத்தில் ஆற்றங்கரையிலும், இல்லாத இடத்தில் கால்வாய்க் கரையிலும் நடக்கலாம். எட்டு அணைக்கட்டும் தாண்டி, திருப்பிவிட இனி ஒன்றும் இல்லை என்று ஆறு தன் போக்கில் கிடக்கிற கடைசி இடத்தில் வள்ளம் ஏறலாம். நான் பல தடவை போய் வந்த இந்த வரிசையை, முதன்முறை வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். மூன்று நாள் போதும். அவசரப்படாதவர்கள் நான்காக்கிக்கொள்ளலாம்.

முதலில் மாதத்தைப் பாருங்கள்

தாமிரபரணிக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவம் மலையில் கொட்டும், ஊருக்குள் சாரலும் காற்றும் மட்டும் வரும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம் மலையிலும் சமவெளியிலும் சேர்ந்தே பெய்யும். இந்த இரண்டு மழையை நம்பித்தான் இங்கே கார், பிசானம் என்று இரண்டு போகம்.

நடைக்கு என் தேர்வு தை மாதம், அதுவும் பொங்கல் முடிந்த மறுவாரம். பிசான நெல் பச்சையாக நிற்கும். ஆறு கலங்கல் தெளிந்து ஓடும். குளங்கள் நிறைந்து கிடக்கும், வலசை வந்த பறவைகளும் இருக்கும். 2011 முதல் ஜனவரி தோறும் இந்தப் பக்கத்துக் குளங்களில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, பறவை பார்க்கத் தெரிந்தவர்கள் அதையும் சேர்த்துத் திட்டமிடலாம். இரண்டாவது தேர்வு ஜூலை, ஆகஸ்ட். கார் நடவு, மேகம், குளிர்ந்த காற்று என்று மேற்குப் பக்கம் அருமையாக இருக்கும். ஆனால் அந்தக் காற்று கிழக்கே கழிமுகத்தில் வள்ளத்துக்கு ஒத்துவராது. சித்திரை, வைகாசி வெயிலில் இந்த நடை வேண்டாம்.

ஐப்பசி முதல் மார்கழிப் பாதி வரை வராதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனது. நீங்கள் மூன்றாம் நாள் இறங்கப்போவது அதே நிலையத்தில்தான். அந்த வெள்ளம் பல இடங்களில் கரையை அறுத்துவிட்டது. பழைய ஆட்கள் சொல்லும் வழி இப்போது அப்படியே இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு ஊரிலும் கேட்டுக்கொண்டே போங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் பத்திரிகையில் அணை நீர்மட்டம் பாருங்கள். பாபநாசம் அணைக்கு முழு அளவு 143 அடி, சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118. மூன்றும் நிறையும் தறுவாயில் இருந்து, மலையில் மழையும் பெய்தால் வரும் தண்ணீரை ஆற்றில்தான் திறந்துவிடுவார்கள். கீழே வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு ஏறிவிடும். திருநெல்வேலிக்காரர்கள் டீக்கடையில் "டேம்ல எவ்வளவு தண்ணி கெடக்கு?" என்று கேட்பது வெறும் பேச்சு இல்லை. நீங்களும் கேட்டுப் பழகுங்கள்.

தங்குவது ஒரே இடத்தில்

ஊருக்கு ஊர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு அறை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து மேற்கே தென்காசிப் பாதை, கிழக்கே திருச்செந்தூர்ப் பாதை. இரண்டு ரயில் பாதைகளும் ஆற்றை ஒட்டியே போகின்றன. காலையில் ரயிலில் போய் இறங்கி, நடந்து, வேறொரு நிலையத்தில் ஏறி இரவுக்குத் திரும்பிவிடலாம். முதுகில் ஒரு சின்னப் பை போதும். ரயில் தவறினால் பஸ் இருக்கிறது.

பையில் என்ன வேண்டும்? ஒரு துண்டு, மாற்று வேட்டி அல்லது உடுப்பு, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். பட்டையுள்ள ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை தோல் செருப்பில் போய், ஈரப் படித்துறையில் வழுக்கி முழங்கையைப் பெயர்த்துக்கொண்டேன். சில்லறை நோட்டுகள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் காரணம் பின்னால் வருகிறது. சோப்பும் ஷாம்பு பாக்கெட்டும் வேண்டாம். இந்தத் தண்ணீரைத்தான் கீழே இருக்கிற ஊர்களெல்லாம் குடிக்கின்றன.

முதல் நாள்: பாபநாசம், அம்பை, கல்லிடை

விடியுமுன் பஸ் பிடித்து நேராகப் பாபநாசம் போய்விடுங்கள். மலையிலிருந்து ஆறு சமவெளிக்கு இறங்கும் இடம் இது. கோயிலுக்கு எதிரே படித்துறையில் உட்கார்ந்து தண்ணீருக்குள் பாருங்கள். முழங்கை நீள மீன்கள் கூட்டமாக வந்து காலருகே நிற்கும், பொரிக்குப் பழகியவை. குளிப்பதானால் படியில் நின்று கம்பியைப் பிடித்துக் குளியுங்கள். பரிகாரம் என்று பழைய துணியை ஆற்றில் விடும் வழக்கம் இங்கே வேரோடிவிட்டது. டன் கணக்கில் அள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். நீங்கள் அந்தத் துணியோடு இன்னொன்றைச் சேர்க்காதீர்கள். யாராவது வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

இங்கிருந்து மேலே போனால் அகத்தியர் அருவி, சொரிமுத்து அய்யனார் கோயில், பாபநாசம் அணை என்று முன்னால் சொன்ன காரையாறு அணை. எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். 1988-ல் அறிவிக்கப்பட்ட காப்பகம் இது, தமிழ்நாட்டில் முதலாவது. காரையாறு நீர்த்தேக்கத்தில் பாணதீர்த்த அருவி வரை மோட்டார் படகு ஓடிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் படகை மனத்தில் வைத்து வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். காட்டுக்குள் எது திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்பதை அன்றன்றைக்கு வனத்துறைதான் முடிவு செய்யும். பாபநாசம் சோதனைச் சாவடியில் கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை ஏற்றுக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தை நான் அந்தப் படகை நம்பி அமைக்கவில்லை. அணைத் தண்ணீரில் முதலைகள் உண்டு, இறங்காதீர்கள்.

பத்து மணிக்குள் பஸ்ஸில் அம்பாசமுத்திரம் வந்துவிடுங்கள். நடை இங்கேதான் தொடங்குகிறது. காசிபநாதர் கோயில் பக்கம் ஆற்றுக்கு இறங்கினால் கல் மண்டபங்களும் படித்துறையும். அங்கிருந்து பாலத்தில் ஆற்றைக் கடந்து தென்கரையில் கல்லிடைக்குறிச்சி. நிதானமாக நடந்தாலும் ஒரு மணி நேரம் ஆகாது. பாலத்தின் நடுவில் நின்று மேற்கே திரும்பிப் பாருங்கள். மேகம் இல்லாத காலையில் பொதிகை மலை முழுதாகத் தெரியும். உச்சி 1,868 மீட்டர். நீங்கள் இரண்டு நாள் கழித்துப் பார்க்கப்போகும் கழிமுகத்துத் தண்ணீரின் ஒரு பங்கு அங்கிருந்து கிளம்பியதுதான்.

கல்லிடையில் அப்பளம் வாங்குங்கள். வீட்டுத் திண்ணைகளில் உளுந்தப்பளம் காய்வதைப் பார்த்துக்கொண்டே தெருவைக் கடந்தால் கன்னடியன் கால்வாய்க்கு வழி கேட்கலாம்.

இந்தக் கால்வாயைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர், கையில் இருந்த பொருளைத் தண்ணீர்த் தர்மத்துக்குச் செலவிட நினைத்தாராம். அகத்தியர் ஒரு பசுவைக் காட்டி, அது போகும் வழியே கால்வாய் வெட்டு, அது படுக்கும் இடத்தில் குளம் வெட்டு என்றாராம். கதைதான். ஆனால் அந்தக் கரையில் நடக்கும்போது எனக்கு அது கதையாகத் தோன்றுவதில்லை. கால்வாய் நேராகப் போகாது. மேட்டைக் கண்டால் ஒதுங்கும், சரிவைக் கண்டால் தயங்கி வளையும், சமத்தை விட்டு இறங்காமல் மெல்லப் போகும். மேய்ந்துகொண்டே போகும் மாட்டின் நடை அப்படியே தெரியும். தண்ணீரும் ஏறத்தாழ உங்கள் வேகத்தில்தான் வரும். ஒரு பூவரச இலையைக் கிள்ளிப் போட்டு, அதோடு சேர்ந்து நடந்து பாருங்கள். படகில் போகிற ஆசைக்கு இதைவிடப் பக்கமாக எதுவும் எனக்குக் கிடைத்ததில்லை.

கல்லிடையிலிருந்து வீரவநல்லூர் பக்கம் வரை இந்தக் கரையில் போகலாம். வளைவுகளோடு சேர்த்து இரண்டரை, மூன்று மணி நேர நடை. வலப்பக்கம் தெற்கே மலை கூடவே வரும், இடப்பக்கம் வயல் ஆற்றை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். மடைகளுக்குப் பக்கத்தில் மட்டும் தண்ணீர் வழிந்து சேறாக இருக்கும். சந்தேகம் வந்தால் மண்வெட்டியோடு எதிரே வருகிறவரிடம் கேளுங்கள். "அண்ணாச்சி, இந்தக் கர வழியாவே வீரவநல்லூர் போயிரலாமா?" என்றால் போதும். "போலாம், போலாம். ரெண்டாவது மடகிட்ட மட்டும் பாத்துப் போங்க, தண்ணி கெடக்கு" என்று வழியோடு எச்சரிக்கையும் சேர்த்துக் கிடைக்கும். இந்தப் பக்கம் முன்பின் தெரியாத ஆம்பளை யாரும் அண்ணாச்சிதான். வயதான அம்மாக்களை ஆச்சி என்று கூப்பிடுங்கள்.

வயல் வரப்பில் இறங்க வேண்டி வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். புதிதாகச் சேறு வைத்துப் பூசிய வரப்பு பளபளவென்று இருக்கும். அதில் கால் வைத்தால் அழுந்தி உடையும், அன்றைக்குக் கட்டிய தண்ணீர் போய்விடும். அடுத்த வரப்பைப் பாருங்கள். நடவு நடக்கும் வயலருகே போனால் பெண்கள் குலவை போட்டுக் காசு கேட்பார்கள். சில்லறை நோட்டு சொன்னது இதற்குத்தான். குலவை முடியும்வரை நின்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

நேரம் இருந்தால் வீரவநல்லூரிலிருந்து ஆட்டோவோ பஸ்ஸோ பிடித்துத் திருப்புடைமருதூர் போய்ச் சாயங்காலத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். கடனா நதி தாமிரபரணியில் கலக்கும் இடம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் நாயக்கர் காலத்துச் சுவரோவியங்கள் உண்டு, உள்ளே ஏறிப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். கோயிலைச் சுற்றிய மருத மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் அடைய வருவது இன்னொரு காட்சி. இந்தத் தோப்பு 2005-ல் பறவைகளுக்கான பாதுகாப்பு இடமாக அறிவிக்கப்பட்டது. ஐந்தரை மணிக்குள் போய் உட்கார்ந்துவிடுங்கள். பறவைகள் வந்து இறங்கும், பழந்தின்னி வௌவால்கள் கிளம்பும். சத்தம் போட்டுப் பேசவோ கைதட்டிக் கிளப்பிப் படம் எடுக்கவோ செய்யாதீர்கள்.

இரண்டாம் நாள்: பாதி நாள் போதும்

முதல் நாள் கால் வலித்திருக்கும். இரண்டாம் நாளை லேசாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ரயிலில் சேரன்மகாதேவி போய் ஆற்றங்கரைக் கோயில்களைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதைப் பார்க்கலாம். ஆற்றோரக் கோரையைக் கீறி, ஊறவைத்து, நூல் போல ஆக்கி நெய்கிறார்கள். மெல்லிய ரகம் துணி போல மடியும். வாங்குவதானால் நெய்கிறவர் வீட்டிலேயே வாங்குங்கள்.

வெயில் தாழ்ந்ததும் நகரத்துப் படித்துறைகள். குறுக்குத்துறை முருகன் கோயிலில் தொடங்குங்கள். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் கோயில் இது. வெள்ளம் வந்தால் முழுகும், வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை தொடரும். தண்ணீர் வந்து மோதும் பக்கத்தில் சுவர் படகின் முன்பக்கம் போலக் கூராக அமைந்து வெள்ளத்தை இரண்டாகப் பிரித்து விடுகிறது. தாமிரபரணியில் எல்லா வெள்ளத்தையும் தாண்டிய படகு என்று நான் இதைத்தான் சொல்வேன்.

அங்கிருந்து ஆறு போகும் திசையில் கரையோரமும் தெருவோரமுமாக மாறி மாறி நடந்தால் கைலாசபுரத்துத் தைப்பூச மண்டபம், அதைத் தாண்டி சுலோசன முதலியார் பாலம். இந்தப் பாலம் வருவதற்கு முன் திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஓடத்தில்தான் கடந்தார்கள். வெள்ளக் காலத்தில் துறையில் காத்துக் கிடப்பார்கள். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிக்கொடுத்து 1843-ல் திறந்த பாலம் இது. கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே பார்க்கும்போது அந்தத் துறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

நகரத்துக்குள் ஆற்றில் இறங்கிக் குளிக்கச் சொல்ல மாட்டேன். சாக்கடை கலக்கிறது, இதைச் சொல்லாமல் மறைப்பது ஆற்றுக்குச் செய்யும் நன்மை இல்லை. குளியலை முதல் நாளோடு முடித்துக்கொள்ளுங்கள். படித்துறைகளில் பெண்கள் குளிக்கிற பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். கருமாதி நடக்கிற படியாக இருந்தால் சற்றுத் தள்ளிப் போய்விடுங்கள்.

ஆழம் பற்றி ஒரு வார்த்தை

மூன்றாம் நாளுக்கு முன் இதைப் படித்துவிடுங்கள். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருப்போம், அடுத்த அடியில் ஆள் முழுகும் பள்ளம் இருக்கும். ஆற்றில் தானாக விழுந்த ஆழமான இடத்தைக் கசம் என்பார்கள். அதுபோக மணல் அள்ளிய குழிகளும் உண்டு. மேலே பார்த்தால் தண்ணீர் ஒரே மாதிரிதான் தெரியும். எனக்கு நன்றாக நீச்சல் தெரியும், இருந்தும் ஊர்க்காரர்கள் குளிக்காத இடத்தில் நான் இறங்குவதில்லை. அணைக்கட்டின் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போது அதன்மேல் நடந்து அக்கரை போகவும் கூடாது. கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று தோன்றும். பாசியும் இழுப்பும் சேர்ந்தால் அந்தக் கணுக்கால் அளவே போதும், ஆளைக் கீழே தள்ளிவிடும்.

மூன்றாம் நாள்: ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கடல்

திருச்செந்தூர் போகும் காலை ரயிலில் ஸ்ரீவைகுண்டம் இறங்குங்கள். நிலையம் தென்கரையில் புதுக்குடியில் இருக்கிறது, ஊர் வடகரையில். நடுவே ஆறும் அணைக்கட்டும் பாலமும். மற்ற ஏழு அணைக்கட்டுகளும் ஆங்கிலேயருக்கு முந்தியவை, இது மட்டும் 1870-களில் ஆங்கிலேயர் காலத்தில் முடிந்தது. இதுதான் கடைசி. பாலத்தில் நின்றால் மேல்புறம் நிரம்பிய தண்ணீர், கீழ்புறம் மணலும் நாணலும். வடகால், தென்கால் என்று இரண்டு பக்கமும் கால்வாய் பிரிகிறது. வடகரைக்குப் போய்க் கள்ளபிரான் கோயிலைப் பார்த்துவிட்டு, கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, மறுபடி தென்கரைக்கே வாருங்கள்.

தென்கால் கரையோடு கிழக்கே ஆழ்வார்திருநகரி வரை ஐந்து கிலோமீட்டர் போல வரும். வழி முழுக்க வாழைத்தோட்டம், நிழலுக்குக் குறைவில்லை. மேற்குப் பக்கத்துக் கால்வாய்க்கும் இதற்கும் வித்தியாசம் தெரியும். அங்கே மலை பக்கத்தில் நின்றது, இங்கே பனை நிற்கிறது, மண் வெளுத்துவிடும், காற்றில் லேசான உப்பு வரும். தை பிறந்து சில வாரம் போனால் பதநீர் கிடைக்கத் தொடங்கும். பனையோலைப் பட்டையில் ஊற்றித் தந்தால் நின்றபடியே குடித்துவிட வேண்டும். நம்மாழ்வாரின் புளியமரத்தைக் கோயிலுக்குள் பார்க்கலாம், உறங்காப்புளி என்பார்கள். நடை சாத்துவதற்குள், அதாவது பன்னிரண்டு மணிக்குள், போய்ச் சேர்ந்துவிடுங்கள்.

பழமையில் ஆர்வம் உள்ளவர்கள் இந்த நடைக்குப் பதிலாக மேற்கே நான்கைந்து கிலோமீட்டர் தள்ளி ஆதிச்சநல்லூருக்குப் போகலாம். 1876-ல் ஜாகர் என்ற ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டிய தாழிக்காடு அது, இறந்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழிகள் நிறைந்த இடம். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் வள்ளத்துக்கு நேரம் இருக்காது.

ஆழ்வார்திருநகரியிலிருந்து ரயிலோ பஸ்ஸோ எது முதலில் வருகிறதோ அதில் ஆறுமுகநேரி. அங்கிருந்து ஆத்தூர் பக்கம்தான். இந்த ஆத்தூர் வெற்றிலைக்குப் பேர்போனது. 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. வெற்றிலைக் கொடிக்காலுக்குள் கேட்டுவிட்டுப் போய்ப் பாருங்கள், வெளியே அடிக்கும் வெயில் உள்ளே தெரியாது. ஆத்தூரிலிருந்து சேர்ந்தபூமங்கலம் வழியாகப் புன்னைக்காயலுக்கு ஆட்டோ பிடியுங்கள். வெயில் தாழ்ந்திருந்தால் நடக்கலாம்.

வள்ளம்

புன்னைக்காயலில் டிக்கெட் கொடுத்து ஏற்றும் படகுத்துறை எதுவும் கிடையாது. இது மீன்பிடி ஊர். இருக்கிறவை அவர்கள் தொழில் செய்யும் வள்ளங்கள். அதனால் போனவுடன் "படகு எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருப்பவர் பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்து, எங்கிருந்து வருகிறோம், என்ன பார்க்க ஆசை என்று சொல்லுங்கள். இரண்டு நாள் ஆற்றோடு நடந்து வந்தோம் என்று சொன்னால் முகம் மாறும். தொழிலுக்குப் போய் வந்து ஓய்வாக இருக்கிறவர் யாராவது சம்மதித்தால், எவ்வளவு நேரம், என்ன தொகை என்று ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். யாரும் சம்மதிக்காவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம், ஊர்க் கமிட்டியில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவாலயத்தில் பூசை நேரம், அப்போது போகாதீர்கள்.

என் நிபந்தனைகள் மூன்று. ஆளுக்கு ஒரு மிதவைச் சட்டை இருக்க வேண்டும், இல்லையென்றால் ஏறாதீர்கள். தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வருவது நல்லது. ஆற்று வாய்க்கு உள்ளேயே சுற்ற வேண்டும், முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போகக் கேட்கக் கூடாது. வாயில் மணல் திட்டும் அலையும் மோதும் இடம் தொழில்காரர்களுக்கே கவனம் வேண்டிய இடம். மூன்றாவது, காற்றைப் பற்றி வள்ளக்காரர் சொல்வதே கடைசி வார்த்தை. "இன்னைக்குக் கச்சான் எடுத்துட்டு, வேணாம்" என்று மேல்காற்றைக் காட்டிச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டுக் கரையிலேயே உட்காருங்கள்.

நேரமும் முக்கியம். மன்னார் வளைகுடாவில் கடல் ஏறி வற்றுவது பெரிதாக இருக்காது, ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் ஆழம் குறைந்த கழிமுகத்தில் அரை அடி வற்றினாலே வள்ளம் தரை தட்டிவிடும். ஒரு தடவை நாங்கள் ஆத்தூரில் கொடிக்காலைப் பார்த்துக்கொண்டே நேரத்தை விட்டுவிட்டோம். தாமதமாக ஏறி, திரும்பும்போது சேற்றுத் திட்டில் சிக்கி, தண்ணீர் ஏறும்வரை ஒன்றரை மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். கூட வந்த சிறுமிக்குக் குளிர் தாங்கவில்லை. வள்ளக்காரர் சொல்லும் நேரத்துக்கு அரை மணி முன்பே கரையில் இருங்கள்.

ஏறி உட்கார்ந்து, எஞ்சினை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். முடிந்தால் பாதி வழியில் நிறுத்திவிட்டுக் கம்பு ஊன்றித் தள்ளச் சொல்லிக் கேட்கலாம். இரண்டு பக்கமும் அலையாத்திக் காடு, சேற்றுக்கு மேலே முட்டிக்கொண்டு நிற்கும் மூச்சு வேர்கள், அதில் நண்டு. கொக்கும் மீன்கொத்தியும் எஞ்சின் நின்றால்தான் பக்கத்தில் வரும். கையைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். தை மாதத்தில் வாய்க்குச் சற்று மேலே பாதி உப்பும் பாதி நல்ல தண்ணீருமாக இருக்கும். சங்க காலத்தில் முத்துக்குப் பேர்பெற்ற கொற்கை, கடலோரத் துறைமுகமாக இருந்த ஊர், இன்று இங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல் நடுவே கிடக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண் அவ்வளவு. நீங்கள் இப்போது மிதந்துகொண்டிருக்கும் இடத்தில் அன்றைக்குக் கடல் இருந்திருக்கும்.

குழந்தைகளும் வயதானவர்களும் கூட வந்திருந்து வள்ளம் சரிப்படாது என்றால் வேறு வழி உண்டு. சாரல் காலத்தில் குற்றாலம் வந்து, ஐந்தருவி போகும் வழியில் வெண்ணமடைக் குளத்துப் படகுக் குழாமில் ஏறுங்கள். குளம் நிறைந்தால்தான் படகு விடுவார்கள். ஆறு இல்லை, குளம்தான். ஆனால் மிதவைச் சட்டையும் டிக்கெட்டும் ஒழுங்காக இருக்கும், மேலே சாரல் விழும், மலை பக்கத்தில் நிற்கும்.

புன்னைக்காயலிலிருந்து திரும்ப, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று வள்ளம் ஏறும் முன்பே கடையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது போய்விட்டால் ஆத்தூருக்கு ஆட்டோதான். ஆத்தூரில் மெயின் ரோட்டில் நின்றால் தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் பஸ் வந்துகொண்டே இருக்கும், இரண்டு ஊரிலிருந்தும் திருநெல்வேலிக்கு இரவிலும் வண்டி உண்டு. வள்ளக்காரர் மீன் கொடுத்தால் மறுக்காதீர்கள். ஆத்தூரில் வாங்கிய வெற்றிலையில் ஒரு கவுளியை அவர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.